உயிரோடு கொண்டுபோகச் சொன்னவளுக்கு

இன்று காலை கடையின் பின்னறையில் நம் சங்கத்துப் பெண்கள் சுவரொட்டிக்குப் பசை காய்ச்சினார்கள். கொதிக்கிற மைதா மாவில் மயில்துத்தம் விழுந்ததும் ஒரு வாடை எழும்புமே, அது தையல் மெஷின் வரைக்கும் வந்து என் மூக்கில் ஏறியது. தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை அப்படியே மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். போனவர்களை நினைத்தால் சிலருக்குப் பூவாசம் வரும், சிலருக்குச் சந்தன வாசம் வரும் என்பார்கள். எனக்கு நீ என்றால் மைதா பசைதான். உன் சேலை முந்தானையிலும் கை நகத்துக்குள்ளும் அந்த வாடை எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். "காப்பீட்டு ஆபீஸ்ல வேல பாக்கவ மேல சுவரொட்டி ஒட்டுதவன் வாடை அடிக்குதேன்னு எங்க மேலாளர் மூக்கப் பொத்துதாருளா" என்று நீ சிரித்தது இந்த அறையில்தான்.

இங்கே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன்னோடு பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் பழைய கதைதான் வாயில் வருகிறது.

நீ என் கடைக்கு முதன்முதலில் வந்தது உள்பாவாடை தைக்க. அளவெல்லாம் சொல்லிவிட்டு, "இடுப்புக்குக் கீழ ஒரு பை வச்சுக் குடுங்க, நல்லா ஆழமா" என்றாய். இத்தனை வருஷத் தையலில் உள்பாவாடைக்குப் பை கேட்டவள் நீ ஒருத்திதான். எதுக்கு என்று கேட்டேன். "ஆம்பளைங்க சட்டையில பை வச்சுக்கிட்டு கைய வீசிட்டு நடக்காங்க. நான் மட்டும் ஏன் ஒரு பையத் தூக்கிட்டு அலையணும்?" என்றாய். நான் சிரித்துவிட்டேன். அன்றைக்கு நீ ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாய். என் பின்னறை காலியாகத்தானே கிடக்கிறது, வாரம் ஒரு தடவை உட்கார்ந்து பேசிக்கொள்ளட்டுமா என்று கேட்டாய். பேட்டையில் பட்டறைகளுக்கு வேலைக்குப் போகிற பெண்கள், பீடி சுற்றுகிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள் என்று ஒவ்வொருத்தராக வந்து அறை நிறைந்தது, அதுவே நம் சங்கம் ஆனது. நான் இந்தப் பக்கம் தைத்துக்கொண்டே காது கொடுப்பேன். பிறகு நானும் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டேன். எப்போது என்று எனக்கே தெரியாது.

டவுனில் ரதவீதிக்குப் பக்கத்தில் உன் அப்பா வைத்துவிட்டுப்போன வீட்டில் நீ தனியாக இருந்தாய். கல்யாணம் வேண்டாம் என்றவளை உன் சைவக் குடும்பத்துச் சொந்தங்கள் பாதிப் பேர் விட்டுவிட்டார்கள், மீதிப் பேரை நீ விட்டுவிட்டாய். நோன்பு நாட்களில் என் உம்மா கொடுத்தனுப்புகிற கஞ்சியை, கறி போடாமல் தனியாகக் காய்ச்சியதுதானா என்று கேட்டுவிட்டு, தூக்குவாளியோடு வாயில் வைப்பாய். உம்மாவுக்கு உன்னை அப்படிப் பிடிக்கும். "அந்தப் பிள்ளைக்கு ஒரு மாப்பிள்ளை பாக்கக் கூடாதா" என்று மட்டும் கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

நம் இரண்டு பேருக்கும் சண்டை வந்தது ஒரே ஒரு விஷயத்தில். அது ஓயவே இல்லை.

எங்காவது ஒரு பெண்ணுக்குக் கொடுமை நடந்த செய்தி வரும். நான் உடனே, "இவனுகளை நடுரோட்டுல வச்சுத் தூக்குல போடணும்" என்பேன். நீ நிமிராமல், "போட்டா?" என்பாய். "போட்டா அடுத்தவன் பயப்படுவான்." "அவன் பயப்படுவானோ என்னவோ, அந்தப் பொண்ணு பயப்படுவாளே. செஞ்சவன் பாதி நேரம் அவ வீட்டு ஆளாத்தானே இருக்கான். அவ வாயத் திறந்தா ஒரு உசுரு போகும்னு சொல்லியே அவ வாயப் பொத்திருவாங்க." எனக்கு இது வீம்புப் பேச்சாகத்தான் பட்டது. வளைகுடாவில் பல வருஷம் ஓட்டுநராக இருந்துவிட்டு வந்த என் வீட்டுக்காரரிடம் நியாயம் கேட்டேன். அங்கே இருப்பதுபோலத் தண்டனை வேண்டும் என்று நம் ஊரில் எல்லாரும் சொல்கிறார்களே, நீங்கள் சொல்லுங்கள் என்றேன். "அங்கனயும் வீட்டு வேலைக்குப் போன பொம்பளைங்க அழுதுக்கிட்டுதான் ஊருக்குத் திரும்புதாவ. நானே எத்தனை பேரை ஏர்போர்ட்டுல கொண்டு விட்டிருக்கேன்" என்றார். உனக்கு அவர் சாட்சி சொல்லிவிட்டதில் எனக்கு அவர்மேல் இரண்டு நாள் கோபம்.

அப்படிப் பேச்சாக இருந்த ஒன்று ஒருநாள் நம் வாசலுக்கே வந்தது.

செண்பகம் என்று இங்கே எழுதுகிறேன். அவள் பெயர் அதில்லை என்று உனக்குத் தெரியும். இருபது வயதுப் பெண், அப்பா இல்லாதவள். இரும்பு பீரோ செய்கிற ஒரு பட்டறையில் பொருள் கட்டுகிற பிரிவில் இருந்தாள். அங்கே மேற்பார்வை பார்க்கிறவர் அவளுடைய சித்தியின் புருஷன். அவர்தான் வேலை வாங்கிக் கொடுத்தவர். ஒருநாள் அவள் நாலு சுடிதாரைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, "எல்லாத்தையும் பெருசாக்கித் தாங்கக்கா, உடம்புல ஒட்டவே கூடாது" என்றாள். அவள் உடம்பில் எதுவும் கூடியிருக்கவில்லை, இளைத்துத்தான் போயிருந்தாள். அளவு நாடாவை நான் தோளில் வைத்ததும் அவள் உதறிக்கொண்டு சுவரோடு போய் ஒட்டினாள். நான் நாடாவைக் கீழே போட்டேன். கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு, தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்கார்ந்தேன். அவள் பேசி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு உனக்குப் போன் செய்தேன்.

நீ ஆபீசிலிருந்து நேராக வந்தாய். அவள் மறுபடி எல்லாவற்றையும் உன்னிடம் சொல்ல ஆரம்பித்தபோது தடுத்தாய். "அதத் திரும்பச் சொல்ல வேண்டாம்மா. உனக்கு என்ன வேணும்னு மட்டும் சொல்லு" என்றாய். என்ன நடந்தது என்று கேட்காமல் என்ன வேண்டும் என்று ஒருத்தி கேட்டதும் அவளுக்குக் குழப்பமாகிவிட்டது. யோசித்துப் பார்த்துவிட்டு, "சித்தப்பா அப்பிடி ஒண்ணு நடக்கவே இல்லங்காரு. அன்னைக்கு நான் ஓடிப்போய் சித்திகிட்டதான் முதல்ல சொன்னேன். சித்தி எனக்கு மாத்துத்துணி குடுத்துட்டு வெளிய சொல்லாதன்னுட்டாவ. அவரு முன்னால நின்னு நான் சொல்லணும்க்கா. நாலு பேரு உக்காந்து கேக்கணும். நடந்துச்சுன்னு அவங்க சொல்லணும்" என்றாள்.

"அம்புட்டுதானே. செஞ்சிருவோம்" என்றாய், ஏதோ ரவிக்கைக்குக் கொக்கி வைக்கிற வேலை மாதிரி.

புகார் கொடுத்ததும் அவர் ஊரைவிட்டு ஓடிவிட்டார். ராதாபுரம் பக்கம் ஒரு பனங்காட்டு வீட்டில் ஒளிந்திருந்தவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அதற்குள் செய்தி எல்லார் போனிலும் போய்விட்டது. காவல் நிலையத்தின் முன்னால் கூட்டமான கூட்டம். தூக்கில் போடு, எங்களிடம் விடு, சுட்டுத்தள்ளு என்று அட்டைகள். நாம் ஊர்வலமாகப் போனபோது உன் கையிலும் ஒருத்தர் 'தூக்கு' அட்டையைக் கொடுத்தார். நீ அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நடந்தாய். நம் சங்கத்துப் பெண்களே உன்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அன்றைக்கு அந்த அட்டைதான் பிடித்திருந்தது.

நிலையத்தில் இருந்த ஒரு அதிகாரி நம்மைத் தனியாகக் கூப்பிட்டு, நல்ல மனிதராகத்தான் பேசினார். "நீங்க கஷ்டப்பட்டு இவ்வளவு தூரம் கொண்டு வந்துட்டீங்க. இனி எங்க பொறுப்பும்மா. வீட்டுக்குப் போங்க, நாளைக்குக் காலையில நல்ல சேதி வரும்."

"என்ன சேதி சார்?"

அவர் சிரித்தார். "ஒங்களுக்குத் தெரியாததா?"

நமக்குத் தெரிந்ததுதான். பாத்ரூமில் வழுக்கி விழுந்து கையில் மாவுக்கட்டோடு நிற்கிற படங்களைப் பார்த்திருக்கிறோம். தப்பி ஓடும்போது சுட்டோம் என்கிற செய்திகளையும் பார்த்திருக்கிறோம். அந்தச் செய்திக்குக் கீழே நூறு பேர் கைதட்டியிருப்பார்கள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாய். வாசலுக்கு எதிரே ஒரு வேப்பமரம் நின்றதே, அதன் அடியில் முந்தானையை உதறிப் போட்டு உட்கார்ந்தாய். அங்கிருந்தபடியே அந்த அதிகாரிக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாய்:

"அவரை உயிரோட, கை கால் முழுசா, மாஜிஸ்ட்ரேட் முன்னால கொண்டு போங்க. அது வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்."

காதில் விழுந்தது சரிதானா என்று எல்லாரும் பார்த்தார்கள். பிறகு ஆரம்பித்தது. யார் பணம் கொடுத்தது என்றார்கள். என்ன சாதி என்றார்கள். கல்யாணம் ஆகாதவளுக்கு என்ன தெரியும் என்றார்கள். ஒருத்தி சோடாவை வாயில் ஊற்றி உன் மேல் கொப்பளித்துவிட்டுப் போனாள். நீ முகத்தைத் துடைத்துக்கொண்டாய். மரக்கடை வைத்திருக்கிற ஒரு பெரியவர், மரியாதையான ஆள், குனிந்து உன்னைக் கேட்டார்.

"ஏம்மா, ஒங்க வீட்டுப் பொண்ணா இருந்தா இப்பிடி உக்காந்திருப்பியளா?"

"எங்க வீட்டுப் பொண்ணுதான் அண்ணாச்சி" என்றாய். "அவளுக்கு அவருகிட்ட ஒரு பேச்சு பாக்கி இருக்கு. பொணத்துகிட்ட அவ எப்பிடிப் பேசுவா?"

அவர் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றார், ஆனால் போய்விடவில்லை.

நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ சொன்னதை ஒப்புக்கொண்டு உட்காரவில்லை. நீ காலையிலிருந்து சாப்பிடவில்லை, சர்க்கரை மாத்திரை வேறு போட்டிருந்தாய், மயங்கி விழுந்தால் தூக்க ஆள் வேண்டுமே என்று உட்கார்ந்தேன். கோபம் பொறுக்காமல் உன் காதுக்குள், "இந்த நாசமாப் போறவனுக்குப் போயா காவல் இருக்க?" என்றேன்.

"அவனுக்கு இல்லளா. அவ வழக்குக்கு. இவன் செத்தான்னா வழக்கு முடிஞ்சுபோகும். அவ சொன்னது நெசமா பொய்யான்னு எந்தக் கோர்ட்டும் சொல்லாது. அப்புறம் அந்தக் குடும்பம் அவளத்தான் கொலகாரிம்பாங்க, நீ பாத்துக்கிட்டே இரு" என்றாய். பிறகு, "பசிக்கு. ஒரு வடை வாங்கிட்டு வா" என்றாய்.

நீ போன் போட்டு வரச் சொல்லியிருந்த வக்கீல் அம்மா வந்து உள்ளே போனார். பேச்சும் காகிதமுமாகப் பொழுது இறங்கியது. வெயில் சாய்கிற நேரத்தில் செண்பகத்தின் சித்தப்பாவை வெளியே கொண்டுவந்தார்கள். தன் காலால் நடந்துதான் வந்தார். யாரோ விஷயத்தைச் சொல்லியிருப்பார்கள் போல, வண்டியில் ஏறுவதற்கு முன் உன்னைப் பார்த்துக் கைகூப்பினார். கூட்டம் முழுக்க உன்னைப் பார்த்தது. நீ எழுந்து நின்றாய். உன் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

"கும்பிடாதீரும். ஒமக்காக உக்காரல. கோர்ட்டுல அவ பேசும்போது ஓடாம நின்னு கேளும்."

அவர் கை தானாக இறங்கியது. அந்த அண்ணாச்சிதான் நம்மை ஆட்டோவில் ஏற்றிவிட்டார். "நீங்க சொல்லுதது எனக்கு ஒத்துவரல. ஆனா பத்திரமா வீட்டுக்குப் போங்க" என்றார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் லேசானவை இல்லை. சங்கத்திலிருந்து சிலர் நின்றுவிட்டார்கள். என் கடைக்கு வருகிற வாடிக்கையும் குறைந்தது. உன் ஆபீசில் உன்னோடு சாப்பிட உட்காராதவர்கள் இருந்தார்கள். நீ எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நின்னவங்க திரும்பி வருவாங்க. கோபம் இருக்கவங்கதான் வருவாங்க, சோம்பல் இருக்கவங்கதான் வர மாட்டாங்க" என்றாய். பாதிப் பேர் வந்தார்கள்.

நீ செய்த இன்னொரு காரியம் ஊருக்குத் தெரியாது. செண்பகத்தின் சித்தி பிள்ளைகளோடு பத்தமடைக்கு, தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போலீசிடம் தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லியிருந்தாள். அவளைப் பார்க்கப் போகணும் என்றாய். அவள் கதவைத் திறக்கவே மாட்டாள் என்றேன். முதல் தடவை திறக்கவில்லைதான். பாய் நெய்கிற கோரைக்கட்டுகள் காயப்போட்டிருந்த தெருவில் நாம் இரண்டு பேரும் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பினோம். இரண்டாம் தடவை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மூன்றாம் தடவை கதவு திறந்தது.

"அன்னைக்கு மரத்தடியில உக்காந்திருந்தது நீங்கதானாமே" என்றாள். "ஒங்களாலதான் அந்த மனுசன் உசுரோட இருக்காருன்னு சொன்னாவ. உள்ள வாங்க."

அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊரே உன்னைத் திட்டிய அந்தக் காரியம்தான் அந்தக் கதவைத் திறந்திருக்கிறது. நீ அட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தால் அந்த வீட்டு வாசற்படியைக்கூட மிதித்திருக்க முடியாது.

அவள் பாயை விரித்துப் போட்டாள். மோர் கொடுத்தாள். வெகுநேரம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியே பேசினாள். நீயும் கேட்டுக்கொண்டே இருந்தாய். கிளம்புகிற நேரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள்.

"நான் உள்ளதச் சொன்னா அவரத் தூக்குல போட்டுருவாவளா?"

"மாட்டாங்க. இந்த வழக்குல அது கிடையாது. ஆனா ஜெயிலு உண்டு. வருஷக்கணக்குல உண்டு. அதுல ஒங்களுக்கு நான் ஆறுதல் சொல்ல முடியாது."

"எம் பிள்ளைங்க என்னய என்னன்னு நெனைக்கும்?"

"அது எனக்குத் தெரியலம்மா" என்றாய். "செண்பகம் என்ன நெனைப்பான்னு வேணா சொல்லுவேன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இன்ன மாதிரிச் சொல் என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் பிறகும் மாதாமாதம் போனாய். பஸ்ஸில் திரும்பும்போது, "இன்னும் கொஞ்சம் சொல்லிருக்கலாம்லா" என்று நான் முணுமுணுப்பேன். "நாம சொல்லிக்குடுத்தா அது நம்ம சாட்சி. அவ சாட்சி இல்ல" என்பாய்.

பாளையங்கோட்டையில் விசாரணை நடந்த நாட்களில் கோர்ட்டு வராந்தாவின் பெஞ்சில் நாம் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறதா? மூடிய அறை, வெளியாட்களை விட மாட்டார்கள். செண்பகம் உள்ளே போனபோது நீ என் சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாய். வெளியே வந்தவள் நேராகக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். பிறகு வந்து நம் நடுவில் இடம் பண்ணி உட்கார்ந்தாள். "சொல்லிட்டேன்க்கா. முழுசாச் சொல்லிட்டேன். அவரு தல நிமிரவே இல்ல" என்றாள். அழுவாள் என்று நினைத்து நான் கைக்குட்டையை எடுத்தேன். அவள் அதை வாங்கி முகத்து ஈரத்தைத் துடைத்துவிட்டு, "இங்கன டீ எங்க நல்லாருக்கும்?" என்று கேட்டாள்.

சித்தி சாட்சி சொன்ன நாளில் நாம் போகவில்லை. அரசு வக்கீல்தான் பிறகு சொன்னார். கூண்டில் ஏறியவள் புருஷனைப் பார்க்காமல் நீதிபதியை மட்டும் பார்த்துப் பேசினாளாம். "அவ எங்கிட்டதான் முதல்ல ஓடி வந்தா. அவரு பேரச் சொன்னா. நான் நம்புனேன். நம்பிக்கிட்டேதான் அவ வாயப் பொத்துனேன்." அதற்குமேல் குறுக்கு விசாரணையில் எவ்வளவு கேட்டும் அவள் மாறவில்லையாம்.

பத்தாண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது. வாசலில் மைக்கை நீட்டிய பையன், "தூக்கு இல்லைன்னு வருத்தமா இருக்கா?" என்று செண்பகத்தின் அம்மாவைக் கேட்டான். அவள் உன்னைத் திரும்பிப் பார்த்தாள். நீ பேசவில்லை. அவளே கொஞ்சம் யோசித்து, "எம் மவ சொன்னது நெசம்னு சொல்லிட்டாங்கல்லா. எனக்கு அது போதும்" என்றாள். அன்று ராத்திரி செய்தியில் அது வரவில்லை. நமக்குக் கேட்டது போதும்.

மறுநாள் நீ விடுப்புப் போட்டுவிட்டு, என் வீட்டு அடுப்பில் சொதி வைத்தாய். தேங்காய்ப்பால் மூன்று தரம் பிழிந்து, இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து, சமையல்கட்டு முழுக்க உன் அதிகாரம். உம்மா வாசலில் நின்று, "சொதி மறுவீட்டுக்குல்லா வைப்பாவ? யாருக்குக் கல்யாணம்?" என்றார்கள். "யாருக்கும் இல்ல உம்மா, சந்தோஷம் மட்டும்தான்" என்றாய். செண்பகம் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அவளும் நீயும் என் மகளும் தரையில் காலை நீட்டிக்கொண்டு, வயிறு நிறைந்த மயக்கத்தில், எதையோ சொல்லிச் சிரித்த சிரிப்பு இன்னும் அந்தச் சுவரில் இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றும்.

நீ ஐப்பசி மழையில் போனாய். வலியில்லாமல் போகவில்லை, ஆனால் பயந்து போகவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்று, ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறக்கச் சொன்னாய். பிறகு, "பத்தமடைக்குப் போகுதத விட்டுராதளா. அங்கன அவளுக்கு வாரவங்க போறவங்க கிடையாது" என்றாய். உன் வீட்டைப் பற்றியோ வேறெதைப் பற்றியோ நீ ஒன்றும் சொல்லவில்லை. மயானத்துக்குப் பெண்கள் வரக்கூடாது என்று உன் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நாங்கள் வந்தோம். மழை பெய்ததால் எங்களைத் தடுக்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. அந்த மரக்கடை அண்ணாச்சி குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

நீ சொன்னபடி மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறேன். போனால் சித்தி முதலில் கேட்பது, "செண்பகம் நல்லா இருக்காளா?" அதை இங்கே வந்து செண்பகத்திடம் சொல்வேன். அவள் இப்போது ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள், சொந்தமாக ஸ்கூட்டர் வைத்திருக்கிறாள், அவள் சுடிதார்கள் எல்லாம் அவள் உடம்புக்குச் சரியாக இருக்கின்றன. "சித்தி நல்லா இருக்காவளா?" என்று அவளும் கேட்பாள். அதைக் கொண்டுபோய் அங்கே கொடுப்பேன். இரண்டு பேருடைய விசாரிப்பையும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு அலைகிற வேலை. ஒருநாளும் நான் என் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லவில்லை. உன்னிடமிருந்து அதைக் கற்றுக்கொள்ள எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

போன மாதம் நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது செண்பகம் வந்து வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். "பஸ்ஸு எதுக்கு, நானே கூட்டிட்டுப் போறேன், ஏறுங்க" என்றாள். எங்கே போகிறோம் என்று தெரிந்துதான் சொல்கிறாளா என்று பார்த்தேன். தெரிந்துதான் சொன்னாள். வாழைத் தோட்டங்களும் வயலும் தாண்டிப் போனோம். ஊருக்குள் நுழைந்ததும் வண்டியைப் பைய ஓரமாக நிறுத்தினாள். "யக்கா, சித்திகிட்ட முதல்ல என்ன பேசட்டும்?" என்றாள்.

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "வெயில்ல வந்திருக்கோம். தண்ணி கேளு."

கேட்டாள். கதவைத் திறந்த சித்தி அவளைப் பார்த்துவிட்டு, அந்த வார்த்தையைக் கேட்டதும் உள்ளே ஓடினாள். செம்பும் கையுமாக வந்த வேகத்தில் தண்ணீர் பாதி தரையில் சிந்தியது. செண்பகம் மீதியைக் குடித்தாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். திரும்பும்போது செண்பகத்தின் கண் வீங்கியிருந்தது. வண்டியை நன்றாகத்தான் ஓட்டினாள். அடுத்த மாதம் நான் வரவேண்டியதில்லை என்றாள், வந்தால் வரலாம் என்றாள்.

ஆக, நீ கொடுத்துவிட்டுப்போனதில் அந்தப் பாரம் என் கையிலிருந்து இறங்கிவிட்டது. இன்னொன்று இறங்கவில்லை. இப்போதும் சில செய்திகளைப் படித்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது, இவனைத் தொங்கவிட்டால்தான் என்ன என்று வாயில் வருகிறது. நான் உன்னைப் போல ஆகிவிடவில்லை. அப்படி வருகிறபோதெல்லாம் மெஷினை நிறுத்திவிட்டு மனசுக்குள் உன்னோடு சண்டை போடுகிறேன். நீ நிமிராமல் அதே ஒரு வார்த்தையில் "போட்டா?" என்கிறாய். நான் அடுத்த நியாயத்தைத் தேடுகிறேன். பல நாள் நீ ஜெயிக்கிறாய், சில நாள் நான் விட்டுக்கொடுக்காமலே தைக்கப் போய்விடுகிறேன். எப்படியானாலும், உன்னோடு பேசாத நாள் என்று ஒன்று இதுவரை எனக்கு இல்லை.